அடுத்த வீட்டுக்காரர்

நாவல் படிக்கும்போது நாம் எல்லோருமே நல்லவர்களாகிவிடுகிறோம். நாவல் என்கிற இலக்கிய உருவத்துக்கு உள்ள பெரிய சக்தி இது. அதன் அபாயமும் இதுவேதான் என்று சில நாட்களாக எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. அநியாயத்துக்கு ஆளான ஒருத்தியின் கதையை எடுத்துக்கொண்டால், பத்தாவது பக்கத்திலேயே நாம் அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அவளுக்காகக் கண்ணீர் விடுகிறோம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காபி சாப்பிடப் போகிறோம். அந்த அநியாயத்தைச் செய்தவர்கள் யார், அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யார், அவர்களுக்கும் நமக்கும் ஏதாவது ஜாடை ஒற்றுமை உண்டா என்ற கேள்வி நமக்குள் எழுவதில்லை. எழவேண்டிய அவசியமே இல்லாதபடிதான் பெரும்பாலான நாவலாசிரியர்களும் எழுதிவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சமீபத்தில் ஒரே வாரத்தில் இரண்டு நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். ஒன்று அமெரிக்க எழுத்தாளர் ஜூலி ஒட்சுகா 2002-ல் வெளியிட்ட ‘வென் தி எம்பரர் வாஸ் டிவைன்’. ‘சக்கரவர்த்தி தெய்வமாக இருந்தபோது’ என்று தமிழில் சொல்லலாம். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். மற்றது அசாமிய எழுத்தாளர் ரீதா சௌதுரி 2010-ல் எழுதிய ‘மாகாம்’. இது பெரிய நாவல். 2018-ல் ‘சைனாடவுன் டேஸ்’ என்ற பெயரில் வந்த ஆங்கில வடிவத்தில்தான் நான் படித்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. யுத்தம் வந்ததும், எதிரி நாட்டுக்காரனின் முகஜாடை இருந்த ஒரே குற்றத்துக்காகச் சொந்த ஊரிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட ஜனங்களின் கதை. அமெரிக்காவில் அவர்கள் ஜப்பானிய வம்சத்தினர். நம் நாட்டில் சீன வம்சத்தினர்.

‘நம் நாட்டிலா?’ என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. கேட்பது தவறல்ல, நம் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகங்களில் இதற்கு இடம் கிடையாது. ஆகவே நாவல்களுக்குப் போகுமுன் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுப் பாலைவனங்களிலும் பொட்டல் காடுகளிலும் அமைத்த பத்து முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். அமெரிக்கா அப்போது ஜெர்மனியோடும் இத்தாலியோடும்கூடத்தான் யுத்தம் செய்துகொண்டிருந்தது. ஆனால் அந்த நாட்டு வம்சத்தினரை இப்படி மொத்தமாக வாரிக்கொண்டு போகவில்லை. ஏன் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அவர்கள் முகம் மற்ற அமெரிக்கர்களின் முகம் மாதிரியே இருந்தது.

நம் நாட்டில் 1962 அக்டோபர் 20-ந் தேதி சீனாவோடு யுத்தம் மூண்டது. ஒரு மாதத்தில் நின்றும் போயிற்று. அந்த ஒரு மாதத்துக்குள் சட்டம் மாறியது. தானோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ எதிரி நாட்டுப் பிரஜையாக இருந்திருந்தால் போதும். இந்தியாவில் பிறந்து வளர்ந்தவரானாலும் அந்நியர்தான். அசாமிலிருந்தும் வங்காளத்தின் மலைப் பகுதிகளிலிருந்தும் சுமார் மூவாயிரம் பேர், கைக்குழந்தைகள் உள்பட, ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார்கள். பயணம் ஏழு நாள். வண்டியின் மேல் ‘எதிரி ரயில்’ என்று எழுதியிருந்ததாக அதில் போனவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். கடைசிக் கைதிகள் வெளியே வர 1967 ஆயிற்று. வந்தவர்கள் ஊர் திரும்பியபோது, பலருடைய கடையும் வீடும் எதிரிச் சொத்தென்று ஏலத்தில் போயிருந்தன.

இந்தத் தேவ்லி முகாமுக்கும் ஜப்பானியருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த, போட்டோ பிடித்த, மீன் பிடித்த ஜப்பானியர்களை வெள்ளைக்கார சர்க்கார் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முதலில் டில்லியில் பழைய கோட்டையில் வைத்திருந்து, பிறகு கொண்டுபோய்ப் பூட்டிய இடம் தேவ்லிதான். ஜெயப்பிரகாச நாராயணனைச் சிறை வைத்திருந்ததும் அதே தேவ்லியில்தான். சுதந்திரம் பெற்றுப் பதினைந்து வருஷம் கழித்து, வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற அதே பூட்டை அதே சாவியால் நாமே திறந்து, நம் ஊர்க்காரர்களை உள்ளே தள்ளியிருக்கிறோம்.

இனி நாவல்கள்.

ஒட்சுகாவின் நாவலை எடுக்கும் தமிழ் வாசகருக்கு ஆரம்பத்தில் ஒரு தயக்கம் இருக்கும்; எனக்கு இருந்தது. ஜப்பான்காரன் என்றால் நம் மனத்தில் வருவது சயாம் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் ஓட்டிக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரவர் அந்தப் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அந்த நினைவை வைத்துக்கொண்டு ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்காக இரக்கப்பட முடியுமா? இந்தத் தயக்கம் வந்த இடத்திலேயே நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். சயாமில் சவுக்கெடுத்தவனுக்கும் கலிபோர்னியாவில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கும் என்ன சம்பந்தம்? முகஜாடையைத் தவிர ஒன்றும் இல்லை. அமெரிக்க சர்க்கார் நினைத்ததையே நானும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்!

கதை மிக எளியது. பெர்க்லி நகரத்தில் ஒரு தாய், ஒரு பெண், ஒரு பையன். தகப்பனாரை 1941 டிசம்பரிலேயே ராத்திரியில் வந்து கொண்டுபோய்விட்டார்கள். தலையில் தொப்பிகூட இல்லாமல், வீட்டுச் செருப்போடு. அப்படி அவரைக் கூட்டிப்போனதுதான் பையனுக்குக் கடைசிவரை ஆறாத விஷயம். இந்த நாலு பேருக்கும் ஆசிரியை பெயர் வைக்கவில்லை. ஒருநாள் காலையில் ஊரெங்கும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. தாய் அதைப் படிக்கிறாள். வீட்டுக்கு வந்து மூட்டை கட்ட ஆரம்பிக்கிறாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை.

அந்த முதல் அத்தியாயத்திலேயே ஒரு சம்பவம் வருகிறது. வீட்டில் ஒரு கிழட்டு நாய் உண்டு. வளர்ப்புப் பிராணிகளைக் கூட்டிப் போகக் கூடாது என்பது உத்தரவு. தாய் அதற்கு நல்ல சோறு போடுகிறாள். பிறகு மண்வெட்டியால் ஒரே அடியில் அதைக் கொன்று புதைக்கிறாள். கூண்டுப் பறவையைத் திறந்துவிடுகிறாள், அது போகமாட்டேன் என்கிறது, விரட்டிவிடுகிறாள். குழந்தைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீடு சுத்தமாயிருக்கிறது.

இந்தச் சம்பவத்தை நம்மில் ஒருவர் எழுதியிருந்தால் நாயைப் பிரியும்போது தாயைக் கதற விட்டிருப்போம். வாசகரும் கதறியிருப்பார். ஒட்சுகா அதைச் செய்யவில்லை என்பது வெறும் அடக்கம் அல்ல. பாதிக்கப்பட்டவளைக் குற்றமற்ற மாடப்புறாவாகக் காட்ட அவர் மறுக்கிறார் என்பதே இதன் பொருள். ‘ஐயோ, இவ்வளவு நல்லவர்களை இப்படிச் செய்தார்களே’ என்று இரங்குகிற இரக்கத்துக்குள் ஒரு விஷம் இருக்கிறது. நல்லவர்களாக இல்லாவிட்டால் செய்திருக்கலாமா? அந்த வம்சத்தில் முரடர்களும் கஞ்சர்களும், மனத்துக்குள் ஜப்பான் ஜெயிக்கட்டும் என்று நினைத்தவர்களும்கூட இருந்திருப்பார்கள். அவர்களையும் முள்வேலிக்குள் போட நியாயம் கிடையாது என்பதல்லவா விஷயம்? மண்வெட்டியை ஓங்குகிற அந்தத் தாயை நாம் முழுக்க நேசிக்க முடிவதில்லை. ஆனால் அவளுக்குச் செய்யப்படுவது அநியாயம் என்பதை மறுக்கவும் முடிவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நிறுத்திவைத்ததுதான் அந்தச் சின்ன நாவலின் பெரிய சாதனை என்று நான் சொல்வேன்.

அதே அத்தியாயத்தில் ஒரு கடைக்காரர் வருகிறார். இரும்புச் சாமான் கடை. மரியாதையுள்ள மனிதர். மூட்டை கட்டச் சாமான் வாங்க வந்தவளிடம் பணம் பிறகு தரலாம் என்கிறார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார். அவ்வளவுதான். அந்த அறிவிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இந்த நாவலில் மறக்க முடியாத பாத்திரம் இவர்தான். கெட்டவர் அல்ல, நல்லவர். அவருடைய நல்ல குணம் ஒரு பொட்டலம் மிட்டாயோடு தீர்ந்துபோய்விடுகிறது. மூன்று வருஷத்துக்கு மேல் கழித்துக் குடும்பம் திரும்பி வருகிறது. அண்டை வீட்டுச் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அங்கே கிடக்கிற சோபாவும் துப்புரவு இயந்திரமும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கின்றன. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் தனி ரகம். அதுவரை மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்த நாவல் திடீரென்று தகப்பனின் குரலில் உரக்கப் பேசுகிறது. ஆமாம், நீங்கள் சொன்ன குற்றங்கள் அனைத்தையும் நான்தான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன், போதுமா என்கிற தோரணையில். முதல் தடவை படித்தபோது இது எனக்கு உறுத்தியது. சுருதி கலைந்துவிட்டதென்றே நினைத்தேன். இரண்டாவது தடவை படித்தபோது அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். அதுவரை நாம் அந்தக் குடும்பத்தின் மௌனத்தை ரசித்துக்கொண்டு வந்திருக்கிறோம். அந்த ரசனை நமக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அந்தச் சௌகரியத்தைத்தான் தகப்பன் வந்து கலைக்கிறான்.

‘மாகாம்’ இதற்கு நேர் எதிர் ரகம். சிக்கனம் என்பதே இல்லாத நாவல். 1830-களுக்குப் பின் அசாமில் தேயிலை பயிரிட வெள்ளைக்காரர்கள் சீனர்களைக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த ஹோ ஹான் என்பவனிடம் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, மாகூம் என்ற ஊரில் வந்து நிற்கிறது கதை. அங்கே சீனர்கள் தச்சு வேலை செய்கிறார்கள், கடை வைக்கிறார்கள், அசாமியப் பெண்களையும் தோட்டத்து ஆதிவாசிப் பெண்களையும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். குழந்தைகள் அசாமிய மொழியில் சண்டை போடுகிறார்கள். மேய் லின் என்கிற பெண் புலக் பருவா என்ற அசாமிய வாலிபனை மணந்துகொண்டு சந்தோஷமாயிருக்கிறாள். 1962 நவம்பர் வருகிறது. பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். ரயில், தேவ்லி, பிறகு தான் பார்த்தே இராத சீனாவுக்கு நாடுகடத்தல்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆசிரியை மாகூமிலிருந்து சிதறிப்போனவர்களைத் தேடிச் சென்று பேசித் திரட்டிய விஷயங்கள் ஏராளம். அத்தனையையும் நாவலுக்குள் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. பல இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திக்கொள்ள, சரித்திரம் பேச ஆரம்பித்துவிடுகிறது. யுத்தத்துக்கு முந்திய மாகூம் கொஞ்சம் அளவுக்கு மீறியே இனிக்கிறது. விழப்போகிற அடி பலமாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அதற்கு முன் இருந்த வாழ்வைப் பொன்னுலகமாக்கிவிடுவது நாவலாசிரியர்களின் பழைய தந்திரம். நானும் செய்திருக்கிறேன். ஒட்சுகாவின் தாய்க்கு இருக்கிற அந்தக் கடினம் மேய் லினுக்கு இல்லை. அவளை நாம் நேசிப்பதில் ஒரு சிரமமும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தில் ‘மாகாம்’ அமெரிக்க நாவல் தொடாத இடத்தைத் தொட்டுவிடுகிறது. ஒட்சுகாவின் அண்டை வீட்டார் ஜன்னலுக்கு அப்பால் இருக்கிறார்கள். மாகூமில் அண்டை வீட்டார் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் கணவன், மாமனார், மைத்துனன், சிநேகிதன். மேய் லினைக் காட்டிக்கொடுப்பது சொந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே வருகிற கை. யார் சீனன், யார் அசாமியன் என்று கோடு போட முடியாதபடி கலந்துபோன ஊரில் ஓர் உத்தரவு கோடு போடுகிறது. கோடு ஒரே படுக்கையின் நடுவே போகிறது. அந்தக் கோட்டை மறுக்க எத்தனை பேருக்குத் தைரியம் இருந்தது, எத்தனை பேருக்கு அது லாபமாகவே முடிந்தது என்பதை அந்த நாவல் கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்க்கிறது. சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கேயும் நிம்மதி கிடையாது. இங்கே சீனர்கள், அங்கே இந்தியர்கள்.

இந்த ஆசிரியை இதை எழுதினார் என்பதிலேயே ஒரு விசேஷம் இருக்கிறது. ரீதா சௌதுரி இளம் வயதில், 1979-ல் தொடங்கிய அசாம் இயக்கத்தில் பங்கெடுத்துச் சிறை சென்றவர். அந்நியர்களை வெளியேற்றவேண்டும் என்பதே அந்த இயக்கத்தின் கோரிக்கை. மண்ணின் மக்கள் யார், வந்தேறிகள் யார் என்ற கேள்வியைத் தெருவில் நின்று கேட்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், அதே மண்ணிலிருந்து அந்நியர் என்று துரத்தப்பட்டவர்களுக்காக இத்தனை பெரிய நாவலை எழுதியிருக்கிறார். இயக்கத்தின் கோரிக்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. தன் ஊரைப் பற்றி, தன் ஜனங்களைப் பற்றி, தன் ஜனங்கள் செய்ததைப் பற்றி எழுதுவதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சு இந்த நாவலுக்கு இருக்கிறது. அதன் தளர்ந்த கட்டுக்கோப்பை நான் மன்னித்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மேய் லினைப் போன்றவர்களை ஏற்றிச் செல்ல 1963-ல் சீன அரசு கப்பல்கள் அனுப்பியது. அவை புறப்பட்ட துறைமுகம் நம் சென்னைத் துறைமுகம். இரண்டாயிரம் பேருக்கு மேல் அங்கிருந்து போனார்கள். சென்னையில் சீனப் பல் வைத்தியரிடம் பல் கட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்தக் கப்பல்களைப் பற்றிப் பேசுகிற குடும்பத்தை நான் சந்தித்ததில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது இதைவிட முக்கியமான ஒன்று. யுத்தங்களைப் பற்றியும் துரத்தப்படுவதைப் பற்றியும் தமிழர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் நம்மவர்கள். 1948-ல் இலங்கையில் பிரஜா உரிமை இழந்த தோட்டத் தொழிலாளர்கள் நம்மவர்கள். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் வீடு வீடாகத் தேடி எரிக்கப்பட்டவர்களும் நம்மவர்கள். ஆகவே துரத்தப்பட்டவர்களின் கதை எதைப் படித்தாலும் நாம் உரிமையோடு அவர்கள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அந்த நாற்காலி நமக்குப் பழகிப்போயிற்று. ‘மாகாம்’ என்னை அதிலிருந்து எழுப்பி எதிர்ப்பக்கத்தில் உட்கார வைத்தது. அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அசாம் தெரியவில்லை, அரூர் தெரிந்தது.

நான் இருப்பது அரூரில். இந்த வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஊழியர்கள் 269 பேர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். மலைவாழ் மக்களின் வீடுகளை உடைத்தார்கள். தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். பிடித்துக்கொண்டு வந்தவர்களை அரூரில் வைத்திருந்துவிட்டு, பிறகு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இது யுத்தம் அல்லவே, வம்சமும் அல்லவே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் கணக்கு ஒன்றே. ஒருவன் செய்ததாகச் சொல்லப்படுகிற குற்றத்துக்கு அவன் பிறந்த கூட்டமே பதில் சொல்லவேண்டும் என்கிற கணக்கு. இந்தக் கணக்கைச் சர்க்கார் தனியாகப் போட முடியாது. பக்கத்து ஊர் தலையை ஆட்டவேண்டும்.

நாங்கள் ஆட்டினோம். 1992-ல் நான் இங்கேதான் இருந்தேன். கச்சேரிமேட்டில் டீக்கடையில் பேச்சு நடந்தது. ‘மரம் வெட்னாங்க இல்ல? அப்ப அனுபவிக்கத்தானே வேணும்’ என்றார் ஒருவர். அவர் கெட்டவர் அல்ல. நாலு பேருக்கு உதவுகிறவர். நான் மறுத்துப் பேசவில்லை. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவிதான் சொன்னாள்: ‘வெட்னவனப் புடிக்கத் துப்பில்ல, ஊரையே புடிச்சிக்கினு வந்துட்டானுங்க.’ யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நான் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சில வருஷங்கள் கழித்து அந்த விஷயத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். மலைவாழ் பெண் ஒருத்தி கதாநாயகி. மீசை வைத்த அதிகாரி ஒருவன் கொடியவன். கண்ணீர் வந்ததாக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இந்த இரண்டு நாவல்களையும் படித்த பிறகு அந்தக் கதையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கதாநாயகியிடம் ஒரு குறை இல்லை. அதிகாரியிடம் ஒரு நிறை இல்லை. காடு இருக்கிறது, மலை இருக்கிறது, சிறை இருக்கிறது. அரூர் இல்லை. டீக்கடை இல்லை. பேப்பரைப் புரட்டியவன் இல்லை. அதனால்தான் வாசகர்களால் அவ்வளவு சுலபமாக அழ முடிந்தது. அவர்கள் எழுதிய கடிதங்களை நான் அவ்வளவு சந்தோஷமாகப் படிக்க முடிந்ததும் அதனால்தான்.

அதற்காகப் பாதிக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து எழுதக் கூடாது என்பதல்ல என் கட்சி. வீரப்பனைத் தேடிய படைகளிடம் சிக்கிய சோளகர்களைப் பற்றி ச. பாலமுருகன் 2004-ல் எழுதிய ‘சோளகர் தொட்டி’ இல்லாவிட்டால் அந்த மலைகளில் நடந்தது நம்மில் பலருக்குத் தெரிந்தே இருக்காது. அந்தச் சாட்சியம் முதலில் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. ஒட்சுகாவின் கடைக்காரரைப் போல, மாகூமின் உறவினர்களைப் போல, பக்கத்து ஊர்க்காரனையும் நாவலுக்குள் கொண்டுவர வேண்டும். கொடியவனாக அல்ல, நம்மைப் போல மிட்டாய் கொடுக்கிற நல்லவனாக.

அமெரிக்க சர்க்கார் 1988-ல் சட்டம் செய்து மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு இருபதாயிரம் டாலர் கொடுத்தது. தேவ்லிக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு வார்த்தை நம் சர்க்காரிடமிருந்து வரவில்லை. வரவேண்டும். வாச்சாத்திப் பெண்கள் கோர்ட்டில் நின்று நியாயம் வாங்குவதற்குள் அவர்கள் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். சர்க்கார் செய்யவேண்டியதைக் கோர்ட்டும் சட்டமும் ஒருநாள் செய்விக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூண்டில் ஏற்ற எந்தச் சட்டமும் கிடையாது. அது நாவலாசிரியனின் வேலை.

இந்த இரண்டு நாவல்களில் முதலில் எதைப் படிப்பது என்று கேட்கிற வாசகர்களுக்குச் சொல்கிறேன்: சின்னதை முதலில் படியுங்கள். கலை எப்படி இருக்கவேண்டும் என்பது அதில் தெரியும். பிறகு பெரியதைப் படியுங்கள். அலுப்புத் தட்டினாலும் விடாதீர்கள். நம்மைப் பற்றிய புத்தகம் அதுதான். நான் என் பழைய கதையைக் கிழிக்கவில்லை, பெட்டியிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். அது கச்சேரிமேட்டு டீக்கடையில் தொடங்குகிறது. கீரைக் கிழவி பேசிவிட்டாள். பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கிறவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பேச வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும் போலிருக்கிறது.